நேக்கடா, ஸ்போர்ட்டா? ஒரே இன்ஜினில் வரும் இரண்டு பைக்குகளை ஒப்பிட்டு எடுப்பது எப்படி

300 முதல் 460 சிசி வரையிலான பைக்குகளில் இப்போது ஒரே இன்ஜின் இரண்டு உடம்போடு வருவது சகஜமாகிவிட்டது. யமஹா ஆர்3-க்கு எம்டி-03. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு ஆர்டிஆர் 310. ஏப்ரிலியா ஆர்எஸ் 457-க்கு டுவோனோ 457. ஒன்று ஸ்போர்ட்: அதில் ஃபேரிங்கும் (முன்பக்கத்தையும் இன்ஜினையும் மூடும் பிளாஸ்டிக் உறை) கிளிப்-ஆன் ஹேண்டிலும் (முன் ஃபோர்க்கில் தனித்தனியாகப் பொருத்திய தாழ்வான இரண்டு பிடிகள்) இருக்கும். மற்றது நேக்கட்: அதில் இன்ஜின் வெளியே தெரியும், ஹேண்டில்பார் அகலமாகவும் உயரமாகவும் இருக்கும்.

இந்த ஜோடிகளை ஒப்பிடும்போது பலரும் எத்தனை பிஎஸ் (குதிரைத்திறன்) என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். இன்ஜின் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் மூன்று இடங்களில்தான் வரும்: உங்கள் உடம்பு வண்டியில் உட்காரும் கோணம், நெஞ்சில் அடிக்கும் காற்று, வண்டி கீழே விழுந்தால் வரும் பில். மூன்றையும் அளந்து பார்க்க முடியும். ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு, இரண்டு டெஸ்ட் ரைடு இருந்தால் போதும்.

ஜோடி உண்மையான ஜோடிதானா?

இதைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் ஒரே நாளில் இந்தியாவுக்கு வந்த ஆர்3-யும் எம்டி-03-யும் சுத்தமான ஜோடி. இரண்டிலும் அதே 321 சிசி பேரலல் ட்வின் (இரட்டை சிலிண்டர்) இன்ஜின், அதே 42 பிஎஸ், 29.5 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ஃபிரேம், 1,380 மிமீ வீல்பேஸ், 25 டிகிரி ரேக் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), 95 மிமீ டிரெயில் (முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்த அச்சுக்குப் பின்தங்கும் தூரம்), 780 மிமீ சீட் உயரம், 14 லிட்டர் டேங்க் எல்லாமே ஒன்று. எடையில் இரண்டு கிலோதான் வித்தியாசம்: ஆர்3 169, எம்டி-03 167. ஓட்டும்போது ஏதாவது வேறு மாதிரி தெரிந்தால் அதற்குக் காரணம் ஹேண்டிலும் ஃபேரிங்கும்தான். நேக்கட், ஸ்போர்ட் வித்தியாசத்தைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. வாங்கப் போவது வேறு பைக்காக இருந்தாலும், வாய்ப்பு கிடைத்தால் இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஓசூரில் தயாராகும் ஆர்ஆர் 310-யும் ஆர்டிஆர் 310-யும் அடுத்த படி. இன்ஜின் ஒன்றுதான், டியூனிங் வேறு. 2024 அப்டேட்டுக்குப் பிறகு ஆர்ஆர் 9,800 ஆர்பிஎம்-இல் 38 பிஎஸ், 7,900-இல் 29 நியூட்டன் மீட்டர் தருகிறது. 2023-இல் வந்த ஆர்டிஆர் 9,700-இல் 35.6 பிஎஸ், 6,650-இல் 28.7 நியூட்டன் மீட்டர்.

கேடிஎம் விஷயத்தில் கவனம் தேவை. பெயர் இரண்டிலும் 390 என்று இருக்கும். ஆனால் 2023-இல் வந்த டியூக் 399 சிசி, 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர். 2022-இல் வந்த ஆர்சி 390 பழைய 373 சிசி, 43.5 பிஎஸ், 37 நியூட்டன் மீட்டர். இங்கே நேக்கட்தான் புது இன்ஜின், புது ஃபிரேம். இந்த இரண்டை ஓட்டிவிட்டு "நேக்கட்தான் பெஸ்ட்" என்று முடிவு கட்டினால் அது தப்புக் கணக்கு. புது வண்டி பழைய வண்டியை ஜெயித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்லாக்கை எப்படிப் படிப்பது

டார்க் எவ்வளவு என்பதை விட எந்த ஆர்பிஎம்-இல் என்பதைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்-இல் கையில் எவ்வளவு பவர் இருக்கிறது என்று தெரிய, நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். ஆர்டிஆருக்கு 28.7 × 6,650 ÷ 7,023 = சுமார் 27 பிஎஸ். ஆர்ஆர் அதன் முழு டார்க்கைத் தொடவே இன்னும் 1,250 ஆர்பிஎம் ஏற வேண்டும். நகரத்தில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது கியர் இறக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த இடைவெளிதான். ஆர்3, எம்டி-03 இன்ஜினின் முழு டார்க் 9,000 ஆர்பிஎம்-இல்தான் வருகிறது. அது சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டிய இன்ஜின். நேக்கட் உடம்பில் வைத்ததால் அந்தக் குணம் மாறிவிடாது.

பவர்-எடை விகிதம் போடும்போது உங்கள் எடையையும் சேருங்கள். 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஆர்ஆர் (174 கிலோ) டன்னுக்கு 153 பிஎஸ், ஆர்டிஆர் (169 கிலோ) 146 பிஎஸ். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. பின்னால் ஒருவர் ஏறினால் இதைத் தேடிப் பிடிக்கவே முடியாது.

காற்றைக் கணக்கில் எடுத்தால்தான் படம் தலைகீழாகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். அதைத் தள்ளத் தேவையான பவர் மும்மடியில் ஏறும். நேக்கட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்குக் காற்றுக்கு எதிரான பரப்பு (வடிவக் குணகத்தையும் சேர்த்து) சுமார் 0.55 சதுர மீட்டர், ஸ்போர்ட்டில் டேங்க் மேல் படுத்தவருக்குச் சுமார் 0.40 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 80 கிமீ வேகத்தில் காற்றைத் தள்ள முதலாமவருக்கு 5 பிஎஸ் போகிறது, இரண்டாமவருக்கு 3.5. பெரிய விஷயமில்லை. 140-இல் அதுவே 26-க்கு 19. ஏழு பிஎஸ் வித்தியாசம். ஆர்ஆருக்கும் ஆர்டிஆருக்கும் கேட்லாக்கில் இருக்கும் 2.4 பிஎஸ் வித்தியாசத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் 140-ஐ எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. நம் நாட்டில் நால்வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சபட்ச வேகம் 80 கிமீ. பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குகளுக்கே அனுமதியில்லை. ஃபேரிங்கின் முழுப் பலனும் கிடைக்கும் வேகம் சாலையில் சட்டப்படி கிடையாது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே போகிறவருக்கு அந்த ஏழு பிஎஸ் உண்மையான லாபம். மற்றவர்களுக்கு ஃபேரிங் தருவது வேகத்தை அல்ல, நீண்ட தூரத்தில் களைப்பு குறைவதைத்தான். அதுவும் உங்கள் உயரத்துக்கு அந்த வைசர் (ஃபேரிங்கின் மேல் உள்ள காற்றுத் தடுப்பு) பொருந்தினால் மட்டும். அதை எப்படிச் சோதிப்பது என்று கீழே இருக்கிறது.

வீட்டிலும் ஷோரூமிலும் அளக்க வேண்டியவை

வெறும் காலில் சுவரோடு முதுகு ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளவெடுங்கள். அது உங்கள் கால் உயரம். அதோடு ரைடிங் ஷூவுக்கு 25 மிமீ கூட்டுங்கள். பைக்கின் சீட் உயரத்தில், நீங்கள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவாக 20 மிமீ கழியுங்கள். கால் உயரம் 760 என்றால் ஷூவோடு 785. ஆர்ஆரின் 810 மிமீ சீட் உட்கார்ந்ததும் 790 ஆகும். கணக்குப்படி கால் கிட்டத்தட்டத் தரையில் பதிய வேண்டும். ஆனாலும் சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து குதிகால் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரே 780 மிமீ உயரமுள்ள இரண்டு பைக்குகள் ஒருவருக்கே வேறு மாதிரி இருக்கும். கணக்கை வைத்து வடிகட்டுங்கள், முடிவை உட்கார்ந்து பார்த்து எடுங்கள்.

ஷோரூமில் வண்டியை நேராக நிறுத்தி, ஒருவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். கிளிப்-ஆன் வண்டியில் செய்ய வேண்டிய முக்கியமான சோதனை இதுதான்: முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முதுகை அதே சாய்வில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஹேண்டிலிலிருந்து ஒரு விரல் அளவு தூக்குங்கள். பத்து எண்ணும் வரை முன்னால் சரியாமல் இருக்க முடிந்தால் அந்த உட்காரும் நிலை உங்களுக்குச் சரிவரும். மூன்று எண்ணுவதற்குள் கை தானாக ஹேண்டிலைத் தேடினால், உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கப் போகிறது. வயிறு, இடுப்புத் தசைகள் பழகினால் இது ஒன்றிரண்டு மாதத்தில் மாறும். ஆனால் கைக்கு எட்டாத தூரம் மாறாது. முழங்கையில் லேசான மடிப்பு இல்லாமல் கை விறைப்பாக நின்றால் டேங்க் உங்களுக்கு நீளம்.

ஆர்3-யில் 2019 மாடலிலிருந்து ஹேண்டிலை 22 மிமீ இறக்கியிருக்கிறார்கள். வெறும் 22 மிமீதான், ஆனால் நகர டிராஃபிக்கில் அது நன்றாகத் தெரியும். ஆர்ஆர் 310-இல் இன்னொரு சிக்கல் உண்டு. ரேஸ் கிட் போட்டு ஆர்டர் செய்த வண்டியில் ஹேண்டில் இன்னும் தாழ்வாகவும் ஃபுட்ரெஸ்ட் இன்னும் உயரமாகவும் வரும். டெமோ வண்டியில் எந்த கிட் இருக்கிறது, நீங்கள் புக் செய்வதில் எது இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். கிளிப்-ஆனில் கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே சிக்குகிறதா? க்ளவுஸோடு திருப்பிப் பார்க்க வேண்டும், வெறும் கையில் சிக்காதது க்ளவுஸில் சிக்கும். சந்தில் யூ-டர்ன் அடிக்கும்போது கிளட்சை அரைகுறையாகப் பிடித்திருக்கும் நேரத்தில் விரல் மாட்டினால் வண்டி சாய்ந்துவிடும். புது ஸ்போர்ட் பைக்குகள் நின்ற இடத்திலேயே விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது அல்ல. ஸ்போர்ட் பைக்கின் பின்சீட் சிறியது, உயரமானது, பிடித்துக்கொள்ளச் சரியான கம்பி பெரும்பாலும் இருக்காது. பிரேக் போட்டால் பின்னால் இருப்பவரின் பாரம் உங்கள் முதுகிலும், அங்கிருந்து உங்கள் மணிக்கட்டிலும் இறங்கும். புடவையில் ஒரு பக்கமாக உட்கார்கிறவர் வீட்டில் இருந்தால் ஸ்போர்ட்டை அந்த வேலைக்கு நம்பாதீர்கள். நேக்கட்டிலும் அது வசதி என்று சொல்ல முடியாது, சமாளிக்கலாம்.

டெஸ்ட் ரைடு: வண்டியைத் தொடுவதற்கு முன்

டெமோ வண்டி பலர் கையில் அடிபட்டது. அதன் குறையை மாடலின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

டயர் காற்று: ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அல்லது செயின் கார்டு ஸ்டிக்கரில் உள்ள அளவோடு, டயர் சூடேறும் முன்பே, ஒப்பிடச் சொல்லுங்கள். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனமாகத் திரும்பும். அதை "இந்த மாடலே மந்தம்" என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

செயின்: கீழ்ப்பக்க நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் குறைந்த வேகத்தில் திராட்டில் திறந்து மூடும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கும். பலர் ஃபியூயல் மேப்பிங்கை (இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் அளவின் எலக்ட்ரானிக் செட்டிங்) குறை சொல்வது இதனால்தான். வின்னென்று இழுத்திருந்தால் பின் சஸ்பென்ஷன் சரியாக வேலை செய்யாது, கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கும் கெடும்.

ரைடிங் மோடு: ஆர்ஆர் 310-இல் ரெயின், அர்பன் மோடுகளில் பவர் குறைத்துத்தான் வரும். எந்த மோடில் ஓட்டினோம் என்று தெரியாமல் "பிக்கப் இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டு வண்டியையும் ஸ்போர்ட் மோடில் வையுங்கள். ஏபிஎஸ் பின்சக்கரத்தில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், டியூக்கில் அந்த வசதி உண்டு.

கடைசியாக லீவர்கள். பிரேக், கிளட்ச் லீவர்களை உங்கள் முன்கையின் நேர்கோட்டுக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மாட்டேன் என்கிற ஷோரூம் சர்வீஸில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் இதிலேயே யூகித்துக்கொள்ளலாம்.

ஒரே பாதை, ஒரே வரிசை

இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். முடிந்தால் மதியம். எந்த வண்டியும் காலை ஆறு மணிக்கு நன்றாகத்தான் இருக்கும். சூடு எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டுமென்றால் வெயிலில் சிக்னலில் நிற்க வேண்டும்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு இரண்டாம் கியரில் 20 கிமீ வேகத்தில், கிளட்சைத் தொடாமல், ஆட்டோவுக்குப் பின்னால் போகிற மாதிரி ஊர்ந்து போங்கள். இன்ஜின் அடிக்கிறதா, திராட்டிலைத் தொட்டதும் தூக்கி அடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வழக்கமான இருவழிச் சாலையில் காலை ஊன்றாமல் யூ-டர்ன். நேக்கட்டின் அகல ஹேண்டில் இங்கே நெம்புகோலாக வேலை செய்கிறது, அதே ஃபிரேம், அதே ரேக் உள்ள ஸ்போர்ட்டை விட வண்டி பத்து கிலோ குறைந்தது போலத் தெரியும்.

அடுத்தது ரோல்-ஆன், அதாவது கியர் மாற்றாமல் வேகமெடுக்கும் சோதனை. காலியான நேர்ச்சாலையில் ஐந்தாம் கியரில் 45 கிமீ வேகத்தில் நிதானமாக ஓட்டி, ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது திராட்டிலை முழுதாகத் திறந்து, 75 வரும்போது மூடுங்கள். எவ்வளவு தூரம் போனது என்று ஒரு மரமோ போஸ்டோ அடையாளம் வையுங்கள். மற்ற வண்டியில் அதே இடம், அதே கியர், அதே திசை. எதிர்க்காற்று இருந்தால் கணக்கு மாறும், அதனால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். 0-100 நேரத்தை விட இந்த ஒரு சோதனை தினசரி ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

வைப்ரேஷனை ஆர்பிஎம் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: 4,000, 5,000, 6,000, 7,000. ஒவ்வொன்றிலும் ஹேண்டிலில், ஃபுட்ரெஸ்டில், டேங்கில் எது துடிக்கிறது? அதோடு ஆறாம் கியரில் 80 கிமீ வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு என்றும் எழுதுங்கள். அந்த ஆர்பிஎம்-உம் வண்டி துடிக்கும் ஆர்பிஎம்-உம் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் விரல் மரத்துப்போகும். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு பல் மாற்றி இதைத் தள்ளி வைக்கலாம். 14-ஐ 15 ஆக்கினால் ஆர்பிஎம் சுமார் 6.7 சதவீதம் இறங்கும், பிக்கப்பும் அதே அளவு குறையும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம்.

காற்றுச் சோதனை

நால்வழிச் சாலையில் 80 கிமீ வேகத்தில் குறைந்தது பத்து நிமிடம். கிளிப்-ஆன் வண்டியில் கவனித்தால் ஒன்று புரியும்: டிராஃபிக்கில் கொன்ற மணிக்கட்டு வலி இந்த வேகத்தில் குறையும். நெஞ்சில் அடிக்கும் காற்று மேலுடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் காரணம். ஸ்போர்ட் உட்காரும் நிலை வேகத்துக்காக வடிவமைத்தது என்று சொல்வது இதைத்தான். நேக்கட்டில் நேர்மாறு. 40-இல் சொகுசு, 80-க்கு மேல் கழுத்தும் தோளும் காற்றோடு இழுபறி செய்யத் தொடங்கும்.

வைசர் பொருத்தத்தைப் பார்க்க: நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் ஹெல்மெட் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? ஃபுட்ரெஸ்டில் கால் ஊன்றி ஐந்து சென்டிமீட்டர் எழுந்து பாருங்கள். சத்தம் குறைந்து சீரான காற்று அடித்தால், வைசர் விளிம்பில் உடையும் காற்று சரியாக உங்கள் ஹெல்மெட்டில் மோதுகிறது என்று அர்த்தம். உயரமானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இப்படிப்பட்ட ஃபேரிங்கை விட நேக்கட்டின் சுத்தமான காற்றே மேல், காதுக்கும் கழுத்துக்கும் அதுதான் நல்லது. சற்று உயரமான வைசர் மாட்டித் தீர்க்கலாம், ஆனால் அது கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு புக் செய்யுங்கள்.

வளைவும் பள்ளமும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான பாதை உங்கள் வார இறுதி என்றால், பதில் கிட்டத்தட்ட நேக்கட்தான். ஏறும்போது இரண்டும் ஒன்றுதான். இறங்கும்போது பிரேக்கும் சரிவும் சேர்ந்து பாரத்தை முன்னால் தள்ளும். கிளிப்-ஆனில் அது அத்தனையும் உள்ளங்கையில் வந்து நிற்கும். உள்ளங்கை ஹேண்டிலை அழுத்திக்கொண்டிருந்தால் வண்டி தானாகத் திரும்ப முடியாது. பலர் "ஸ்போர்ட் பைக் வளைவில் விறைக்கிறது" என்பது உண்மையில் அவர்கள் கையே ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவதால்தான். வேகமான, அகன்ற வளைவுகளில் ஸ்போர்ட் திருப்பித் தரும். முன்சக்கரத்தில் பாரம் கூடுதல் என்பதால் டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெளிவாகத் தெரியும்.

வேகத்தடை, தார் பெயர்ந்த ரோடு இரண்டையும் டெஸ்ட் ரைடில் தேடிப் போங்கள். டியூக் 390-இன் முன் சஸ்பென்ஷன் 150 மிமீ அமுங்கும், ஆர்சி 390-இல் 120. இந்த 30 மிமீ நம் ஊர் ரோட்டில் ஒவ்வொரு நாளும் தெரியும். பின்பக்கம் அடிக்கிறதென்றால் உடனே மாடலைத் தள்ளிவிடாதீர்கள். ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) வேறொருவர் எடைக்கு வைத்திருக்கலாம்.

பணம்: 350-இல் ஒரு கோடு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. இன்ஷூரன்ஸிலும் அதே 350-இல்தான் கோடு. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி புது பைக்கின் ஐந்து வருட தேர்டு பார்ட்டி பிரீமியம் 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம். ஆகவே 312, 321 சிசி வண்டியையும் 399, 457 சிசி வண்டியையும் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒப்பிடவே கூடாது. ஆன்-ரோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள்.

புக்கிங் தொகை கட்டும் முன் ஸ்பேர்ஸ் கவுன்டருக்கு நடந்து போய் இந்த விலைகளை எழுதி வாங்குங்கள்: இடது பக்க ஃபேரிங் பேனல், ஹெட்லைட் அசெம்பிளி, ரேடியேட்டர், மீட்டர், கிளட்ச் லீவர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், முன் பிரேக் பேட். இடது பேனல் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், சைடு ஸ்டாண்டு சறுக்கினால் வண்டி விழுவது இடது பக்கம். அப்படி நின்ற இடத்தில் விழும் நேக்கட்டில் லீவரும் பார்-எண்டும் போகும், சில சமயம் டேங்கில் அடி விழும். ஸ்போர்ட்டில் பேனல் கீறும், அதன் உள்பக்கக் கொக்கிகள் உடையும், சைடு மிரர் ஃபேரிங்கைத் தாங்கும் ஸ்டேயை (உள்ளே இருக்கும் கம்பிச் சட்டம்) வளைத்துவிடும். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்காவிட்டால் பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் கிடைக்கும். ஸ்போர்ட் எடுப்பவர் இதை விடக் கூடாது.

சர்வீஸிலும் வித்தியாசம் உண்டு. கூலன்ட், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எந்த வேலைக்கும் ஃபேரிங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஒரு கிளிப் தொலைந்தால், இரண்டு வருடத்தில் 5,000 ஆர்பிஎம்-இல் எங்கிருந்தோ கடகடவென்று சத்தம் வரும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு பேனல் ஓரத்தையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆடுகிற இடத்தில் கிளிப் இல்லை.

நேக்கட்டுக்கும் ஒரு கவனம் உண்டு. ரேடியேட்டர் முன்சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லுக்கு நேராகத் திறந்திருக்கும். ரேடியேட்டர் கார்டு முதல் வாரத்திலேயே போட வேண்டிய பொருள்.

எது என்று முடிவு செய்ய

ஒரு வாரம் நீங்கள் ஓட்டும் தூரத்தை நான்காகப் பிரியுங்கள்: நகரம், நெடுஞ்சாலை, மலை, பின்னால் ஆளோடு. 200 கிலோமீட்டரில் நகரம் 130, நெடுஞ்சாலை 40, பின்னால் ஆளோடு 30 என்று வந்தால், டெஸ்ட் ரைடில் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு நீங்கள் கொடுத்த மார்க்கை அந்தக் கிலோமீட்டரால் பெருக்கிக் கூட்டுங்கள். மார்க் நெருக்கமாக வந்தால் மனசுக்குப் பிடித்ததை எடுங்கள், அதில் தப்பே இல்லை. 40 சதவீதம் வித்தியாசம் வந்தும் ஸ்போர்ட்டின் அழகுக்காக எடுத்தால் ஆறு மாதத்தில் அது ஞாயிற்றுக்கிழமை வண்டியாகிவிடும்.

நேக்கட் வாங்கி கிளிப்-ஆன் மாட்டிக்கொள்ளலாம், ஸ்போர்ட் வாங்கி ஹேண்டிலை உயர்த்திக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். பொதுவாக 20–25 மிமீ-க்கு மேல் உயர்த்தினால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் நீளம் போதாமல் இழுக்கும், திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஐடில் ஏறும் வண்டிகளும் உண்டு. தாழ்த்தினால் ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருப்பதால் உடம்பு மடங்கும் கோணம் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது.

டெலிவரி எடுத்த பிறகு

பின் சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு வைப்பதுதான் முதல் வேலை. ஒருவர் வண்டியைத் தூக்கி பின்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட் கவுலில் (சீட்டின் பின்பக்க உறை) ஒரு புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு ரைடிங் உடைகளோடு உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து அதே அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அமுங்கும் தூரத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆர்3, எம்டி-03 போல 125 மிமீ உள்ளதில் சுமார் 38 மிமீ, 150 உள்ளதில் 45. அதிகமாக அமுங்கினால் ப்ரீலோடை ஒரு படி ஏற்றி மறுபடி அளவெடுங்கள். கடைசிப் படிவரை போயும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது, ப்ரீலோட் அதைத் தீர்க்காது. ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ப்ரீலோட் மாற்றியதும் செயின் தொய்வையும் ஹெட்லைட் உயரத்தையும் மறுபடி பாருங்கள், பின்பக்கம் ஏறினால் இரண்டும் மாறும். முதல் சர்வீஸ்வரை மேனுவலில் சொன்ன ரன்-இன் ஆர்பிஎம்-ஐத் தாண்டாதீர்கள். அதே சமயம் ஒரே ஆர்பிஎம்-இல் மணிக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் பிஸ்டன் ரிங் சரியாகப் படியும்.